வீட்டில் ஆவாரை வளர்க்க: முதன்முதலாக நடுபவர்களுக்கு

பொங்கல் காப்புக் கட்டுக்கு வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ சேர்ந்த ஒரு கொத்து வாங்கப் போனால், நகரத்துச் சந்தைகளில் இப்போது காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அந்த ஆவாரை யாரும் பயிரிட்டது இல்லை. ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் சாலையோரத்திலும் தானாக நின்ற செடிகளிலிருந்து ஒடித்து வந்தது. சாலைகள் அகலமாகின்றன, தரிசுகள் வீட்டுமனைகளாகின்றன. ஒடிப்பது மட்டும் வருடந்தோறும் நடக்கிறது. வாசலில் ஓரடி இடமோ மாடியில் வெயில் படும் ஒரு மூலையோ இருப்பவர்கள் ஆளுக்கொரு ஆவாரை வைத்தால், பண்டிகைக்குப் பூவும் கிடைக்கும், காட்டுச் செடிக்கும் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். இந்தக் கட்டுரையை எழுத அதுவே காரணம்.

ஆவாரை வைத்தேன், வரவில்லை என்று சொல்பவர்களிடம் என்ன செய்தீர்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ரோஜாவுக்குச் செய்ததையெல்லாம் ஆவாரைக்கும் செய்திருப்பார்கள். தினமும் தண்ணீர், மாதம் தவறாமல் உரம், உச்சிவெயிலுக்கு நிழல்வலை. இந்தச் செடிக்கு அத்தனையும் தொந்தரவு. சரளை மண்ணில், மழை பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று வாழ்ந்து பழகிய புதர் இது. விதையை முளைக்க வைப்பதிலும் முதல் சில மாதங்களிலும் மட்டும் நாம் கவனம் காட்ட வேண்டும். அதற்கப்புறம் கையைக் கட்டிக்கொண்டிருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். புதிதாகத் தோட்டம் போடுபவர்களுக்கு இரண்டாவதுதான் கஷ்டம்.

முதலில், சரியான செடியா என்று பாருங்கள்

தாவரவியலில் இதற்குச் சென்னா ஆரிகுலேட்டா என்று பெயர். பழைய புத்தகங்களில் காசியா ஆரிகுலேட்டா என்று இருக்கும். அவரை, புளி, கொன்றை எல்லாம் சேர்ந்த பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியாவின் வறண்ட பகுதிகளும் இலங்கையின் உலர் வலயமும் இதன் சொந்த மண். யாழ்ப்பாணத்தில் ஆவரசு என்பார்கள். தெலுங்கில் தங்கேடு. தெலங்கானாவின் மாநிலப் பூ அது. பதுக்கம்மா பண்டிகையில் பூக்களை அடுக்கும்போது தங்கேடு இல்லாமல் அடுக்க மாட்டார்கள். சங்கப் பாடல்களில் மடலேறி வரும் தலைவன் சூடிவரும் ஆவிரையும் இதுதான்.

மஞ்சள் பூப்பதெல்லாம் ஆவாரை இல்லை என்பதால் அடையாளம் முக்கியம். பூவை விட்டுவிட்டு இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே காது வடிவத்தில் அகலமான இரண்டு பச்சை மடல்கள் தண்டை ஒட்டி நிற்கும். இலையடிச் செதில்கள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். மற்றச் செடிகளில் அவை சிறிதாக இருந்து உதிர்ந்துவிடும். ஆவாரையில் பெரிதாக, கண்ணில் படும்படி நிலைத்திருக்கும். அடுத்து, ஒவ்வொரு இலையிலும் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடிச் சிற்றிலைகள். ஜோடிகளுக்கு நடுவே காம்பின் மேல் சின்னச் சின்ன முளைகளாகச் சுரப்பிகள் நிற்கும். காய் தட்டையானது, மெல்லியது, பழுத்தால் வெளிர் பழுப்பாகும், ஒரு விரல் நீளம் இருக்கும். உள்ளே விதைகள் இருக்கும் இடமெல்லாம் வெளியே மேடாகத் தெரியும்.

பேயாவரை, தகரை இரண்டும் மழைக்காலத்தில் வீட்டைச் சுற்றி முளைக்கும் களைகள். அவற்றின் காய் ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருக்கும். சீமை அகத்திக்குப் பூங்கொத்து மெழுகுவர்த்தியை நிறுத்தி வைத்த மாதிரி நேராக மேலே எழும். நிலாவரை என்பது பேதிக்குக் கொடுக்கும் மருந்துச் செடி, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பயிரிடுகிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் ஆவாரை கேட்டு நிலாவரையோடு திரும்பிவிடாதீர்கள். வேகமாக வளரும், நிறையப் பூக்கும் என்று சொல்லி யாராவது மஞ்சள் பூ மரக்கன்று கொடுத்தால் என்ன வகை என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டை மூடிக்கொண்டு, வனத்துறை வேரோடு அகற்றிவரும் சென்னா ஸ்பெக்டபிலிஸும் ஒரு காலத்தில் அழகுக்காகவும் நிழலுக்காகவும் நட்டதுதான்.

எங்கே வைப்பது

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு விழுந்தாலும் நல்லது. மாமரத்தின் கீழோ இரண்டு வீட்டுச் சந்திலோ வைத்தால் செடி சாகாது, ஆனால் ஒல்லியாக நெடுநெடுவென்று போய், நுனியில் நாலு பூவோடு நின்றுவிடும்.

மண் எப்படிப்பட்டதாக இருந்தாலும் பரவாயில்லை. செம்மண், சரளை, கரிசல், லேசான உவர் மண் எல்லாவற்றிலும் வரும். தேங்கும் தண்ணீரைத்தான் தாங்காது. ஒரு கனமழைக்கு அப்புறம் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். மறுநாளும் அங்கே தண்ணீர் நின்றால் வேறு இடம் பாருங்கள், அல்லது ஓரடி உயரத்துக்கு மண்ணையும் செங்கல் ஜல்லியையும் கொட்டி மேடாக்கி அதன் மேல் நடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் மாதிரிக் குளிரும் உறைபனியும் உள்ள ஊர்களுக்கு இது ஏற்ற செடி இல்லை.

வளர்ந்த செடி நான்கைந்து அடி உயரம், அதே அளவு அகலம் எடுத்துக்கொள்ளும். விட்டுவிட்டால் பத்தடி வரைகூடப் போகும். தனிச் செடியென்றால் சுற்றி ஐந்தடி விடுங்கள். வேலியாக வைக்க நினைத்தால் இரண்டு முதல் மூன்றடிக்கு ஒன்று போதும். ஆடு மாடு பொதுவாக இதை மேய்வதில்லை என்பதால் கிராமத்து வேலிக்கு நன்றாகப் பொருந்தும்.

விதை

ஆவாரைக்கு நம்பகமான வழி விதைதான். பெரிய செடியைக் காட்டிலிருந்து தோண்டி எடுத்து வர வேண்டாம். ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும். மண்வெட்டி பட்டதுமே அது அறுபடும், வீட்டுக்கு வந்து சேர்வது பட்டுப்போகும் ஒரு குச்சிதான். அதற்காக ஒரு நல்ல செடியும் போயிருக்கும். நர்சரியில் ஆவாரை கிடைப்பது அரிது. மரபுச் செடிகள், மூலிகைகள் வைத்திருக்கும் பண்ணைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

பழுப்பேறி உலர்ந்த காயைச் செடியிலேயே பார்த்துப் பறியுங்கள். பச்சைக் காயைப் பறித்துக் காயவைத்தால் விதை சுருங்கிப் போகும். பொங்கலுக்கு அப்புறம் கோடை வரை உலர்ந்த காய்கள் செடியில் தொங்கும். ஒரு காயில் பத்துப் பன்னிரண்டுக்குக் குறையாமல் விதை இருக்கும் என்பதால் ஐந்தாறு காய் போதும், கிளையை ஒடிக்க வேண்டிய வேலையே இல்லை. விதையில் ஊசித் துளை தெரிந்தால் வண்டு குடைந்துவிட்டது என்று பொருள், அதை ஒதுக்குங்கள். மிச்சத்தைத் தண்ணீரில் போட்டு மிதப்பதையும் எடுத்துவிடுங்கள்.

இங்கேதான் பலர் தோற்கிறார்கள். ஆவாரை விதையின் தோல் கல் மாதிரிக் கடினம். சும்மா மண்ணில் புதைத்தால் சில விதைகள் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். தரிசு நிலத்தில் அது செடிக்கு நல்லதுதான். ஒரு மழையை நம்பி எல்லா விதையும் முளைத்து, அடுத்த மழை பொய்த்து மொத்தமாகக் கருகாமல் இருக்க அதுவே காப்பு. ஆனால் தொட்டியைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும் நமக்கு அது ஆகாது. தோலை நாமே உடைத்துக் கொடுக்க வேண்டும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. கொஞ்சம் விதைதான் இருக்கிறதென்றால் உப்புத்தாளில் தேய்ப்பது மேல். விதையை விரலில் இறுக்கிப் பிடித்து, ஒரு பக்க ஓரத்தை மட்டும் உரசுங்கள். பழுப்புத் தோல் போய் உள்ளே வெளிர் நிறம் ஒரு கடுகளவு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். காம்போடு ஒட்டியிருந்த முனைப் பக்கம் தேய்க்க வேண்டாம், முளை அங்கேதான் இருக்கிறது. உப்புத்தாள் இல்லையென்றால் சொரசொரப்பான சிமெண்ட் தரை போதும். தேய்த்ததைச் சாதாரணத் தண்ணீரில் இரவு ஊறவையுங்கள்.

நிறைய விதை இருந்தால் வெந்நீர் வழி. தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்து, ஒன்றிரண்டு நிமிடம் சூடு தணிய விட்டு, அப்புறம் விதையைக் கொட்டுங்கள். கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீரில் போட்டு வேகவைத்துவிடக் கூடாது. அப்படியே மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் பார்த்தால் சில விதைகள் இரட்டிப்பாக உப்பியிருக்கும், சில முன்பிருந்தபடியே இருக்கும். உப்பியதை அன்றைக்கே விதைத்துவிடுங்கள். உப்பாததைத் தேய்த்து மறுபடி ஊறவையுங்கள். பண்ணைகளில் அமிலத்தில் நனைப்பார்கள். வீட்டில் அந்த வேலை வேண்டாம்.

விதைக்கும் காலமும் முறையும்

ஆடி, ஆவணி நல்ல காலம். ஐப்பசி அடைமழை வருவதற்குள் செடி ஓரளவு வேர் பிடித்து நின்றுவிடும். ஐப்பசியிலேயே விதைத்தால் நாற்று அழுகும். பங்குனி, சித்திரையில் விதைத்தாலும் முளைக்கும், ஆனால் சின்னச் செடிக்கு அந்த வெயிலில் தினமும் தண்ணீர் காட்ட வேண்டியிருக்கும்.

நிலத்தில் நடப் போகிறீர்களென்றால் நிரந்தர இடத்திலேயே நேராக விதைப்பதுதான் சிறந்தது. ஆணிவேர் ஒருமுறைகூட மடங்காமல் நேரே இறங்கும். ஓரிடத்தில் மூன்று விதை, அரை அங்குல ஆழம், மேலே மண்ணை லேசாகத் தள்ளி ஈரமாக்குங்கள். மூன்றும் முளைத்தால் திடமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும்.

கோழி கிளறும், குழந்தைகள் மிதிப்பார்கள் என்றால் பையில் வளர்த்துப் பிறகு நடலாம். அகலம் முக்கியமில்லை, உயரமான நாற்றுப்பையாக எடுங்கள். பால் பாக்கெட் உறைகூடப் போதும், அடியில் நாலைந்து துளை போட்டுக்கொள்ளுங்கள். செம்மண்ணும் மணலும் சரிபாதி, ஒரு கைப்பிடி மட்கிய எரு. தோல் உடைத்த விதை ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டும். முதலில் வருவது தடித்த இரண்டு விதையிலைகள், அப்புறம்தான் சிற்றிலைகள் அடுக்கிய நிஜ இலை வரும்.

இந்தக் கட்டத்தில் மேல்மண் காய்ந்தபின் தண்ணீர் தெளித்தால் போதும். எப்போதும் சொதசொதவென்று இருந்தால் தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் கறுத்து, நாற்று படுத்துவிடும். நாற்றழுகல் வந்த பையைக் காப்பாற்ற முடியாது. பக்கத்துப் பைகளுக்குத் தண்ணீரைக் குறைத்து, வெயிலுக்கு நகர்த்துங்கள். முளைத்த முதல் வாரம் மட்டும் காலை வெயில், அதற்கப்புறம் முழு வெயில். நிழலிலேயே வளர்த்துக் கடைசியில் திடீரென்று வெயிலில் வைத்தால் இலை வெளுக்கும்.

நான்கைந்து நிஜ இலை வந்ததும் நட்டுவிடுங்கள். பையை அறுத்து மண்கட்டி உடையாமல் எடுக்க வேண்டும், இதில் அவசரம் கூடாது. முதல் நாள் தண்ணீர் விட்டு வைத்தால் மண் இறுகி, கட்டியாக வரும். ஒன்றரை அடிக் குழி எடுத்து, எடுத்த மண்ணோடு ஒரு சட்டி மட்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி, சாயங்காலத்தில் நடுங்கள். செடியைச் சுற்றிப் பாத்தி கட்டுவது நம் வழக்கம். ஆவாரைக்கு அந்தப் பாத்தி முதல் கோடை வரைக்கும்தான். மழைக்காலம் வருமுன் அதைத் தட்டி, தண்டை ஒட்டி மண்ணை அணைத்து மேடாக்கிவிடுங்கள்.

மாடியில் தொட்டியில்

வளரும், பூக்கும். ஆனால் நிலத்தில் பூக்கிற அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். பதினான்கு அங்குலத்துக்குக் குறையாத வாயும், அதே அளவு ஆழமும் உள்ள தொட்டி அல்லது குரோபேக் வேண்டும். மாடித்தோட்டத்துக்கென்று எல்லோரும் சொல்லும் தேங்காய் நார்க்கழிவுக் கலவையை இதற்குப் போடாதீர்கள். கீரைக்கும் தக்காளிக்கும் அது சரி. ஈரத்தைப் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை, ஆவாரைக்கு வேண்டாததும் அதுதான். செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணலோ எம்-சாண்டோ ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. எம்-சாண்ட் என்றால் தூசி போகக் கழுவிவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் அந்தத் தூள் அடியில் இறங்கித் துளையை அடைக்கும். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் தட்டு வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் மழை பிடித்தால் தொட்டியைச் சாய்த்து வைத்தாவது தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

தண்ணீரும் உரமும்

நட்ட முதல் இரண்டு மாதம், மழை இல்லாவிட்டால் வாரத்துக்கு இரண்டு முறை, வேர் வரை இறங்கும்படி நிதானமாக ஊற்றுங்கள். தினமும் ஒரு குவளை ஊற்றினால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும், ஆழம் போகாது. மூன்றாம் மாதத்திலிருந்து வாரம் ஒன்று. முதல் கோடையைத் தாண்டிவிட்டால் நிலத்தில் நிற்கும் செடிக்கு நீங்கள் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும் என்ற நிலை இல்லை. சித்திரை வைகாசியில் இலை உதிர்த்து மெலிந்து நின்றால் பயப்பட வேண்டாம். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு குடம் போதும். தொட்டிச் செடிக்கு மட்டும் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் ஊற்றுங்கள்.

தண்ணீர் அதிகமானால் அடி இலைகள் மஞ்சளாகிச் செடி பூராவும் சோர்ந்து தொங்கும். தண்ணீர் போதாவிட்டாலும் சோரும். குழப்பமாக இருந்தால் மண்ணைத் தொட்டுப் பார்ப்பது ஒன்றே வழி. ஈர மண்ணில் சோர்ந்து நிற்கிற செடிக்கு மேலும் தண்ணீர் ஊற்றித்தான் நிறையப் பேர் கொல்கிறார்கள்.

உரம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. பயறு வகைச் செடிதானே, காற்றிலிருந்து தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் என்பார்கள். அவரைக்கும் கொளுஞ்சிக்கும் வேரில் முடிச்சு உண்டு, அதில் பாக்டீரியா தங்கி அந்த வேலையைச் செய்யும். ஆவாரைக்கு அந்த முடிச்சு கிடையாது. அப்படியும் அதன் இலையில் சத்து நன்றாக இருப்பதால், வயலில் உழுவதற்கு முன் வேம்பு, எருக்கோடு ஆவாரைத் தழையையும் வெட்டிப் போட்டு மிதிப்பது நம் விவசாயிகளின் பழைய வழக்கம். உவர் நிலத்தைத் திருத்தவும் அதைப் பயன்படுத்தினார்கள். ஆழமாக இறங்கும் வேரை வைத்துக்கொண்டு, இருக்கிற மண்ணிலேயே தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்கிற செடி இது. அதனால் வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன், இரண்டு கைப்பிடி மட்கிய எரு போதும். யூரியா வேண்டவே வேண்டாம். தழை கொழுக்கும், பூ குறையும், பின்னாலேயே அசுவினி வந்து உட்காரும்.

கத்தரிப்பது

ஆவாரை விஷயத்தில் தண்ணீருக்குக் காட்ட நினைத்த அக்கறையையெல்லாம் இங்கே காட்டுங்கள். பூங்கொத்துகள் புதுத் தளிரின் நுனிப் பக்கத்தில்தான் வரும். எத்தனை புதுக்கிளையோ அத்தனை கொத்து.

செடி ஒரு அடி உயரம் வந்ததும் நடு நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகள் நாலைந்து கிளம்பும். அவை முக்கால் அடி வளர்ந்ததும் அவற்றின் நுனியையும் ஒருமுறை கிள்ளுங்கள். இந்த இரண்டு கிள்ளலைச் செய்யாத செடி ஒற்றைக் குச்சியாக உயர்ந்து காற்றுக்குச் சாயும். நல்ல வெயிலில் நின்றால் முதல் வருடக் கடைசியிலோ இரண்டாம் வருடத்திலோ பூ பார்க்கலாம்.

பூக்க ஆரம்பித்த பிறகு வருடத்துக்கு ஒரு பெரிய வெட்டு. மழைக்கு அப்புறம் மார்கழி, தை வரை பூத்துக் குலுங்கும். மாசியில் வேகம் குறைந்ததும் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுங்கள். விதை வேண்டுமென்றால் ஒரு கிளையை மட்டும் காயோடு விட்டுவைக்கலாம். வயதாகி அடிப்பக்கம் மொட்டையாகிவிட்ட செடியை ஆனி மாதத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டினாலும் துளிர்த்து வரும். ஒரு காலத்தில் தோல் பதனிடுவதற்காக ஆவாரம்பட்டையை வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள். அந்தப் பட்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி. தென்னிந்தியத் தோல் தொழிலின் பெயரே அதை வைத்துத்தான் வளர்ந்தது. அத்தனை வெட்டுக்கும் திரும்பத் திரும்பத் துளிர்த்த செடி என்பதால் உங்கள் கத்தரிக்கோலுக்குப் பயப்படத் தேவையில்லை. புரட்டாசிக்கு அப்புறம் மட்டும் கை வைக்காதீர்கள், மொட்டு போய்விடும்.

போகிக்குக் காப்புக் கட்டப் பூ வேண்டுமென்றால் ஒரு சாண் நீளக் கொத்தாகக் கூரான கத்தரிக்கோலால் வெட்டுங்கள். கையால் ஒடித்தால் பட்டை கீழே வரை உரிந்துகொண்டு வரும்.

பூச்சி, புழு, எறும்பு

இளம் இலையில் பச்சைப் புழு ஒன்று நடு நரம்போடு ஒட்டிப் படுத்திருக்கும். பக்கவாட்டில் வெளிர் கோடு ஓடும். பார்த்ததும் மருந்தைத் தேடாதீர்கள். இளம்பச்சை கலந்த வெள்ளையில் வேகமாகப் பறந்து போகும் எமிக்ரன்ட் வண்ணத்துப்பூச்சிகளும், புல்வெளியில் தாழப் பறக்கும் சின்ன மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளும் ஆவாரை, கொன்றை மாதிரிச் செடிகளைத் தேடி வந்துதான் முட்டையிடும். தளிரின் மேல் தனித்தனியாக, இருமுனையும் குறுகிய வெள்ளை முட்டை நட்டுக்க நிற்பதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். புழுக்கள் ஒரு கிளையை மொட்டையடித்தாலும் சில வாரத்தில் செடி தழைத்துவிடும். கைக்குழந்தையாக நிற்கும் நாற்றில் மட்டும் புழுவை எடுத்துப் பெரிய செடியில் விட்டுவிடுங்கள்.

எறும்பும் வரும். சிற்றிலைகளுக்கு நடுவே சுரப்பிகள் இருக்கும் என்று சொன்னேனே, அதில் ஊறும் இனிப்புக்காகத்தான் அது காம்பில் ஏறி இறங்குகிறது. அதனால் செடிக்குத் தீங்கில்லை. எறும்பு தண்டில் ஓரிடத்தில் மொய்த்து நின்றால் மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள், அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கலாம். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில், பாதித்த கிளைக்கு மட்டும் தெளியுங்கள். செடி பூராவும் அடித்தால் புழுவும் சேர்ந்து சாகும்.

பூக்கும் காலத்தில் காலை வேளையில் சற்று நேரம் செடிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். இந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதையும் சும்மா கொடுத்துவிடாது. மகரந்தப் பையின் நுனியில் ஒரு சின்னத் துளைதான் இருக்கும். பெரிய கருவண்டு வந்து கீழ் மகரந்தத் தாள்களைக் கால்களால் அணைத்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும், ர்ர்ர் என்று சத்தம் கேட்கும், அந்த அதிர்வில் துளை வழியாகப் பொடி கொட்டும். வண்டின் முதுகிலும் வயிற்றிலும் மஞ்சள் ஒட்டியிருப்பதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். அந்தக் கருவண்டு வராத மாடியில் பூ இருந்தும் காய் பிடிக்காமல் போகலாம். உங்கள் வளர்ப்பில் குறை இல்லை. பக்கத்தில் காய்ந்த மரக்கட்டையோ மூங்கில் துண்டோ போட்டுவைத்தால் வண்டு கூடு குடைந்து தங்க வாய்ப்பு உண்டு.

பூவைப் பறித்தபின்

காலையில் விரிந்த பூவைப் பறித்து, பூச்சி இல்லாமல் உதறி, துணியில் பரப்பி நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துப் போகும். காற்றோட்டம் இருந்தால் நான்கைந்து நாளில் நொறுங்கும் பதம் வரும். ஈரம் ஒட்டியிருக்கும்போது டப்பாவில் அடைத்தால் பூசணம் பிடிக்கும். பயத்தம் மாவோடு அரைத்துக் குளியல் பொடிக்குச் சேர்க்கலாம், ஒரு சிட்டிகை போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டிக் குடிக்கலாம். இலங்கையில் ரணவரா என்ற சிங்களப் பெயரில் இதன் பானம் கடைகளிலேயே பொட்டலமாகக் கிடைக்கிறது.

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்ற பழமொழியைச் சொல்லாதவர்கள் இல்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள், அது ஆபத்து. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தினமும் குடிக்க வேண்டாம். எப்போதாவது குடிப்பவர்களும் நெடுஞ்சாலையோரச் செடியில் பறிக்காதீர்கள். வண்டிப் புகையும், சாலையோரத்தில் அடிக்கும் களைக்கொல்லியும் அந்தப் பூவில் படிந்திருக்கும். வீட்டில் வளர்த்த செடியில் என்ன தெளித்தோம் என்று நமக்குத் தெரியும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் அந்தக் கிளையின் பூவை இரண்டு வாரத்துக்குப் பறிக்காதீர்கள்.

அடுத்த தலைமுறைக்கு விட்ட கிளையில் காய்கள் பழுப்பேறியதும் பறித்து, விதையை எடுத்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்திக் கண்ணாடிப் புட்டியில் போடுங்கள். விதை வண்டு வராமல் இருக்க ஒரு கைப்பிடி அடுப்புச் சாம்பலோ உலர்ந்த வேப்பிலையோ சேருங்கள். தோல் கடினமான விதை என்பதால் வருடங்கள் தாண்டியும் முளைக்கும். யாருக்காவது கொடுக்கும்போது உப்புத்தாளில் தேய்க்கச் சொல்லிக் கொடுங்கள், ஆடி மாதம் விதைக்கச் சொல்லுங்கள்.